மணிக்கட்டில் ஒரு மடை

குமுளி மலைப்பாதை ஏறத் தொடங்கும் அடிவாரத்தில் லோயர் கேம்ப் என்னும் சிற்றூர் அமைந்திருக்கிறது. 1887-ம் வருஷத்தில் ஆரம்பித்து 1895-ல் முடிவுற்ற முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, நான்கு பிரம்மாண்டமான இரும்புக் குழாய்களில் இறங்கி, இவ்வூர் மின்சார நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றிவிட்டுக் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் போகிறது. அணையைக் கட்டிய பென்னிகுயிக் துரைக்கு 2013-ம் வருஷம் ஜனவரி 15-ம் தேதி இங்கே மணிமண்டபம் திறக்கப்பட்டது. அதனைப் பார்க்க வருவோர் பலர். ஆயினும் அக்குழாய்களைப் பற்றிய ஒரு சிறு செய்தியை உள்ளூரார் அறிந்த அளவுக்கு வெளியூரார் அறியார். மின்சார நிலையத்தில் பழுது பார்க்கும் காலங்களில் குழாய்களை அடைத்துவிடுவார்கள். அப்போது நீரானது இரைச்சல் பாலம் என்ற இடத்தின் வழியாக வேறு பாதையில் இறங்கி ஆற்றை அடைந்துவிடும். கீழே கூடலூரிலும் கம்பத்திலும் நாற்று நட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டுதானிருக்கும். மேலே குழாய் அடைபட்டிருக்கும் சங்கதி அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மனிதனுடைய கையிலும் ஏறக்குறைய இதே ஏற்பாட்டை இயற்கை செய்து வைத்திருக்கிறது. முழங்கைக்குக் கீழே இரண்டு தமனிகள் உள்ளங்கையை நோக்கி ஓடுகின்றன. ஒன்று பெருவிரல் பக்கம், மற்றொன்று சுண்டுவிரல் பக்கம். உள்ளங்கையில் அவ்விரண்டும் வில்போல வளைந்து ஒன்றோடொன்று கூடுகின்றன. ஆகையால் ஒன்று அடைபட்டாலும் மற்றொன்று எல்லா விரல்களுக்கும் ரத்தம் கொடுத்துவிடுகிறது. கைக்குரியவர் வழக்கம்போல் எழுதுகிறார், உண்கிறார், வண்டி ஓட்டுகிறார். தமது நாடி அடைந்துபோயிற்று என்பதே பெரும்பாலும் அவருக்குத் தெரிவதில்லை. மணிக்கட்டு வழியாக இருதயப் பரிசோதனை செய்வது நமது ஆஸ்பத்திரிகளில் அன்றாட வழக்கமாகிவிட்ட இந்நாளில், இந்த அடைப்பு ஏன் உண்டாகிறது, அதை எப்படித் தடுக்கலாம் என்பதைக் குடும்பத்தார் அறிந்திருப்பது நலமெனக் கருதி இதை எழுதுகிறோம்.

பெருவிரல் பக்கத்துத் தமனி நமது ஜனங்களுக்குப் பழக்கமான ஒன்றேயாகும். சித்த வைத்தியர் மூன்று விரல்களை வைத்து வாதம், பித்தம், கபம் என்று நாடி பார்ப்பது இதன்மேல்தான். ஆடவர்க்கு வலக்கை, பெண்டிர்க்கு இடக்கை என்பது மரபு. தோலுக்கு மிக அண்மையில், எலும்பின்மேல் ஓடுவதால் தொட்டவுடன் அதன் துடிப்பு தெரிகிறது. ஊசி செலுத்துவதற்கு அது வசதியாயிருப்பதும், எலும்போடு வைத்து அழுத்தினால் ரத்தம் நின்றுவிடுவதும் இக்காரணத்தினாலேயே.

இருதயத்துக்குள் குழாய் செலுத்தலாம் என்று முதன்முதலில் துணிந்தவர் ஜெர்மனியில் எபர்ஸ்வால்டே என்னும் ஊரின் ஆஸ்பத்திரியில் இளம் வைத்தியராயிருந்த வெர்னர் ஃபோர்ஸ்மான். 1929-ல் அவர் தமது கையின் ரத்தக் குழாயிலேயே மெல்லிய குழாயொன்றை ஏற்றிக்கொண்டு, எக்ஸ்-ரே அறைக்கு நடந்து சென்று, குழாயின் நுனி இருதயத்தை எட்டியதைப் படம் பிடித்தார். வைத்திய உலகம் அவரைப் பல வருஷங்கள் பொருட்படுத்தவில்லை. 1956-ல்தான் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. 1977-ல் ஜூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் என்பவர், சுருங்கிய இருதயத் தமனியைச் சிறு பலூன் கொண்டு விரித்துக் காட்டினார். அவரிடம் பயின்று திரும்பிய டாக்டர் மாத்யூ சாமுவேல் களரிக்கல், 1986-ல் சென்னையில் அச்சிகிச்சையை நமது நாட்டில் தொடங்கி வைத்தார். அந்நாட்களில் குழாய் தொடைத் தமனி வழியாகவே செலுத்தப்பட்டு வந்தது. 1989-ல் கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து லூசியன் காம்போ, மணிக்கட்டின் வழியாக இருதயத் தமனிகளைப் படமெடுக்க முடியும் என்று எழுதினார். 1992-ல் ஆம்ஸ்டர்டாமில் ஃபெர்டினாண்ட் கீமனே அதே வழியில் சிகிச்சையும் செய்தார். நமது நாட்டில் இவ்வழியைப் பரப்பியவர்களுள் ஆமதாபாத் டாக்டர் தேஜஸ் படேல் முக்கியமானவர்.

தொடையை விட்டு மணிக்கட்டுக்கு வந்ததில் நோயாளிக்குக் கிடைத்த நன்மை சிறிதன்று. தொடைத் தமனி ஆழத்தில் இருக்கிறது. அதில் ரத்தம் கசிந்தால் வயிற்றுக்குள் தேங்கி, வெளியே தெரியாமலே உயிருக்கு ஆபத்தை விளைவிக்கலாம். பல மணி நேரம் காலை அசைக்காமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். முதுகுவலிக்காரரும், அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டிய முதியோரும் படும் அவஸ்தையைச் சொல்லவேண்டியதில்லை. மணிக்கட்டிலோ, குழாயை எடுத்தபின் ஒரு பட்டையைக் கட்டிவிட்டால் நோயாளி எழுந்து உட்கார்ந்து காபி அருந்தலாம். 2015-ம் வருஷத்தில் ஐரோப்பாவில் 8,000-க்கு மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஒரு பெரிய ஆராய்ச்சியில், மாரடைப்புக் கண்டவர்களுக்கு மணிக்கட்டு வழியில் ரத்தப்போக்கும் மரணமும் குறைவு என்று கண்டார்கள். ஆகவே மணிக்கட்டு வழியைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. அந்த வழியை அடுத்த முறைக்கும் திறந்தே வைத்திருக்கவேண்டும் என்பதே நாம் சொல்ல வந்தது.

அவ்வழி அடைபடுவது எத்தனை பேருக்கு? பற்பல ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து 2016-ல் வெளியிட்ட கணக்கின்படி, குழாய் செலுத்திய முதல் நாளில் நூற்றுக்கு 7 அல்லது 8 பேருக்கு அந்தத் தமனி அடைபட்டிருக்கிறது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் 5 அல்லது 6 பேருக்கு. சிலருக்கு அது தானாகவே திறந்துகொள்கிறது என்பதை இவ்வித்தியாசம் காட்டுகிறது. ஆனால் இது சராசரிக் கணக்கு. சில ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு, வேறு சிலவற்றில் 30-க்கும் மேல்! ஒரே சிகிச்சையில் இடத்துக்கு இடம் இத்தனை ஏற்றத்தாழ்வு இருக்குமானால், அதை விதியின்மேல் போடுவதற்கில்லை. செய்யும் முறையில்தான் வித்தியாசம் இருக்கிறது.

ரத்தம் உறைவதற்கு மூன்று காரணங்கள் உண்டென்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மானிய வைத்திய அறிஞர் விர்ஹோவின் பெயரால் கூறுவது வழக்கம். ரத்தக் குழாயின் சுவர் காயப்படுதல், ரத்தம் ஓடாமல் தேங்குதல், ரத்தத்துக்கே உறையும் தன்மை மிகுதல் என்பன அவை. மணிக்கட்டில் இம்மூன்றும் ஒருங்கே கூடுகின்றன. அத்தமனியின் உள்விட்டம் 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். அதற்குள் செலுத்தும் உறைக்குழாயோ ஏறக்குறைய அதே பருமன் உடையது. மெலிந்த தேகமுடையோர்க்கும் பெண்களுக்கும் தமனி இன்னும் சிறியது. குழாய் போய் வரும்போது உட்சுவர் உராய்கிறது. குழாயை எடுத்தபின் ரத்தம் வெளிவராமலிருக்க மேலே இறுக்கிக் கட்டுகிறார்கள். ஓட்டம் நின்ற இடத்தில், காயம்பட்ட சுவரின்மேல், ரத்தம் கட்டிப்படுகிறது. வாய்க்காலின் கரை உடைந்தால் மண்ணைக் கொட்டி அடைப்பார்கள். அவசரத்தில் வாய்க்காலையே மூர்த்துவிட்டால் உடைப்பு அடைபடும், கடைமடைக்குத் தண்ணீர் போகாது. மணிக்கட்டில் நேரும் சங்கடம் அவ்வளவே.

இதற்குக் கண்ட முதல் பரிகாரம் ஹெப்பாரின் என்னும் மருந்து. அதன் வரலாறு சுவையுடையது. 1916-ல் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் ஜே மக்லீன் என்ற வைத்திய மாணவர், ரத்தத்தை உறையவைக்கும் பொருளொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். தேடிய பொருளுக்கு நேர் விரோதமான ஒன்று, அதாவது ரத்தத்தை உறையவிடாமல் தடுக்கும் பொருள், நாயின் ஈரலிலிருந்து அவருக்கு அகப்பட்டது. அவருடைய ஆசிரியர் ஹோவெல் 1918-ல் அதற்கு ஹெப்பாரின் என்று பெயரிட்டார். ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. மனிதருக்குக் கொடுக்கும்படி சுத்தமாக்கப்பட்டது 1930-களில், டொரண்டோவிலும் ஸ்டாக்ஹோமிலும். நமது ரத்தத்தில் உறைதலைக் கட்டுப்படுத்தும் காவற்காரன் போன்ற பொருள் ஒன்று இயல்பாகவே இருக்கிறது. ஹெப்பாரின் அதனோடு சேர்ந்து அதன் வேகத்தைப் பன்மடங்கு பெருக்கிவிடுகிறது. ‘ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து’ என்று பேச்சு வழக்கில் சொல்கிறோமே, உண்மையில் ரத்தம் நீர்த்துப்போவதில்லை. அது கட்டிப்படுவது மட்டும் தாமதமாகிறது.

மணிக்கட்டு வழியில் ஹெப்பாரின் எவ்வளவு அவசியம் என்பதற்கு 1996-ல் பிரெஞ்சு வைத்தியர்கள் வெளியிட்ட கணக்கைப்போல் கண்ணைத் திறக்கும் சான்று வேறில்லை. மருந்தே கொடுக்காதபோது நூற்றுக்கு 71 பேருக்குத் தமனி அடைபட்டது. 2,000 முதல் 3,000 யூனிட் கொடுத்தபோது 24 பேருக்கு. 5,000 யூனிட் கொடுத்தபோது 4 பேருக்குச் சற்று அதிகம். அன்று முதல் 5,000 யூனிட், அல்லது தேகத்தின் எடையில் கிலோ ஒன்றுக்கு 50 யூனிட், என்பது பொதுவிதியாயிற்று. அதுவும் போதுமா என்ற கேள்வி பின்னர் எழுந்தது. 2018-ல் கிரேக்க நாட்டார் ஆஞ்சியோகிராம் செய்துகொண்ட நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கிலோவுக்கு 50 யூனிட்டும் மற்றப் பிரிவினருக்கு 100 யூனிட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். முதற்பிரிவில் நூற்றுக்கு 8 பேருக்கும் இரண்டாம் பிரிவில் 3 பேருக்கும் அடைப்பு உண்டாயிற்று. மருந்தைக் கைத் தமனியிலேயே செலுத்தினாலும், வேறொரு சிரை வழியாகச் செலுத்தினாலும் பயன் ஒன்றுதான்; அது தேகம் முழுதும் பரவி வேலை செய்கிறது. பரிசோதனைதானே, சிகிச்சை இல்லையே என்று மருந்தைக் குறைத்துவிடுவதோ விட்டுவிடுவதோ சரியன்று என்பது இவற்றால் தெளிவாகும்.

இம்மருந்து இன்று பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது. இதைக் கேட்டுச் சில குடும்பங்களில் முகம் சுளிப்பவர் உண்டு. ஆபத்துக்குப் பாவமில்லை என்ற பெரியோர் வாக்கு இத்தகையோர்க்காகவே ஏற்பட்டது போலும். சுதேசிப் பற்றுடையோர் கவனிக்கவேண்டிய விஷயமும் இதில் உண்டு. 2007, 2008-ம் வருஷங்களில் சீனாவிலிருந்து போன ஹெப்பாரின் சரக்கில் வேறொரு பொருள் கலந்துவிட்டதனால் அமெரிக்காவில் பலர் மாண்டனர். ஒரே நாட்டை நம்பியிருந்ததன் விளைவு அது. நமது நாட்டில் 1978-ல் ஹைதராபாதில் ஆரம்பித்த கிளாண்ட் பார்மா என்னும் கம்பெனி ஹெப்பாரின் தயாரிப்பில் பெயர் பெற்றது. மகிழவேண்டிய செய்திதான். ஆனால் 2017-ல் அதன் பங்குகளில் முக்காற் பங்கைச் சீனாவின் ஃபோசன் கம்பெனி வாங்கிக்கொண்டது என்பதையும் சேர்த்துச் சொல்லாமலிருக்க முடியவில்லை.

மருந்து பாதி வேலையைத்தான் செய்கிறது. மறுபாதி பட்டையைக் கட்டும் தாதியின் கையில் இருக்கிறது. இதைத் தெளிவாக நிரூபித்தவர் அமெரிக்காவில் பணிபுரியும் இந்திய வம்சாவளி டாக்டர் சமீர் பஞ்சோலி. 2008-ல் அவரும் அவருடைய கூட்டத்தாரும் 436 நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கம்போல் இறுக்கிக் கட்டினார்கள். மற்றப் பிரிவினருக்கு, ரத்தம் வெளிவராத அளவுக்கு மட்டும், உள்ளே ஓட்டம் நிற்காதபடி இளக்கிக் கட்டினார்கள். ஒரு மாதம் சென்று பார்த்தபோது முதற்பிரிவில் நூற்றுக்கு 7 பேருக்கும் இரண்டாம் பிரிவில் 2 பேருக்கும் குறைவாகவும் அடைப்பு இருந்தது. செலவு ஒரு காசும் இல்லை! புதிய யந்திரமும் வேண்டியதில்லை. வேண்டியது பொறுமையொன்றே. கரையின் உடைப்பில் மட்டும் மண்ணை வைத்து, வாய்க்காலில் நீரை ஓடவிடும் நீர்க்கட்டியின் சாமர்த்தியம் இதுவன்றோ?

பின்னர் 2016-ல் அதே டாக்டர், ஆமதாபாத் தேஜஸ் படேல் முதலியோருடன் சேர்ந்து 3,000 பேரைக் கொண்டு இன்னொரு ஆராய்ச்சியை வெளியிட்டார். பெருவிரல் பக்கத்துத் தமனியில் பட்டை கட்டியிருக்கும்போதே சுண்டுவிரல் பக்கத்துத் தமனியையும் சிறிது அழுத்திவைத்தால், ரத்தம் முழுவதும் பெருவிரல் பக்கமே பாய்ந்து அவ்வழியைத் திறந்து வைக்கும் என்பது அவர்களுடைய யுக்தி. இரைச்சல் பாலத்து வழியை அடைத்துக் குழாய்களில் நீரைத் திருப்புவது போன்றது. ஒரு மாதத்தில் நூற்றுக்கு 3 பேராயிருந்த அடைப்பு ஒருவருக்கும் குறைவாக இறங்கிற்று. அடைபட்டுவிட்டதைச் சில மணி நேரத்துக்குள் கண்டுபிடித்தாலும் இதே யுக்தி உதவுகிறது. செக் நாட்டில் 2011-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அடைபட்டவர்களுக்குச் சுண்டுவிரல் பக்கத்தை ஒரு மணி நேரம் அழுத்தியபோது, 5,000 யூனிட் ஹெப்பாரின் பெற்றவர்களிடையே அடைப்பு நூற்றுக்கு 2.9 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. 2,000 யூனிட் மட்டும் பெற்றவர்களிடையே 5.9-லிருந்து 4.1-க்குத்தான் இறங்கிற்று. மருந்தும் கையும் ஒன்றுக்கொன்று துணை என்பதை இதைவிட நன்றாக எதுவும் காட்டாது.

கண்டுபிடிப்பதில்தான் சிக்கல் இருக்கிறது. நாடியைத் தொட்டுப் பார்த்தால் தெரியாதா என்று வாசகர்கள் கேட்கலாம். எப்போதும் தெரிவதில்லை. தமனி மேலே அடைபட்டிருந்தாலும், சுண்டுவிரல் பக்கத்து ரத்தம் உள்ளங்கை வளைவைச் சுற்றிப் பின்னோக்கி வந்து, அடைப்புக்குக் கீழே துடித்துக்கொண்டிருக்கும். தொடுகிறவர் நாடி நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். இந்த மயக்கத்தைத் தீர்க்க ஓர் எளிய உபாயம் உண்டு. கொரோனா காலத்தில் நமது வீடுகளில் பலரும் விரல் நுனியில் மாட்டிப் பார்த்த ஆக்ஸிமீட்டரை அறியாதவர் இலர். அலை வரைந்து காட்டும் வகையைச் சேர்ந்த அந்தக் கருவியை நோயாளியின் பெருவிரலில் மாட்டி, சுண்டுவிரல் பக்கத்துத் தமனியை நன்றாக அழுத்தவேண்டும். அலை தொடர்ந்து ஓடினால் பெருவிரல் பக்கத்து வழி திறந்திருக்கிறது. அலை படுத்துவிட்டால் அடைபட்டிருக்கிறது. ஒரு நிமிஷ வேலை. பட்டையை எவ்வளவு இளக்குவது என்பதையும் இதே சோதனையால் அறியலாம். ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்படுமுன் ஒவ்வொரு நோயாளிக்கும் இதைச் செய்து, கண்டதைச் சீட்டில் எழுதிக்கொடுப்பதை வழக்கமாக்கினால் மிகுந்த உபகாரமாயிருக்கும் என்பது நமது அபிப்பிராயம்.

‘அடைபட்டாலும் கைக்கு ஒன்றும் ஆகவில்லையே, ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?’ என்று கேட்போரும் உண்டு. கை அழுகிப்போகும் அளவுக்குத் தீங்கு நேர்வது மிக மிக அரிது என்பது உண்மைதான். சிலருக்கு மட்டும் வலி, மரமரப்பு, வேலை செய்யும்போது கை சோர்ந்துபோதல் முதலியன காணும். ஆனால் இருதய நோய் ஒருமுறை வந்து போய்விடும் விருந்தாளியன்று. மறுபடியும் குழாய் செலுத்த நேரிடலாம். அப்போது அந்த வழி இல்லையென்றால் மற்றக் கை, அதுவும் இல்லையென்றால் பழையபடி தொடை. இருதய அறுவைச் சிகிச்சையில் முன்கைத் தமனியையே எடுத்து இருதயத்தில் பொருத்துவதும் உண்டு. நீரிழிவினால் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டியவர்க்கோ, மணிக்கட்டில் இத்தமனியையும் சிரையையும் இணைத்தே பெரும்பாலும் வழி செய்கிறார்கள். நீரிழிவும் மாரடைப்பும் ஒரே வீட்டில், பலசமயம் ஒரே ஆளிடம், குடியிருக்கும் காலம் இது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர் அதைக் குழாய் செலுத்துமுன்பே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.

பள்ளத்தாக்கின் ஜனங்களை எண்ணும்போது இவ்விஷயம் இன்னும் அழுத்தம் பெறுகிறது. கம்பத்துப் பன்னீர் திராட்சைத் தோட்டங்களில் நாள் முழுவதும் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கவாத்து செய்கிறவர்களும், விடியுமுன் ஜீப்பில் ஏறிக் குமுளிக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்குப் போய்வரும் பெண்களும் கையை நம்பி வாழ்கிறவர்கள். லோயர் கேம்பில் ஒருவருக்கு மார்பு வலித்தால் தேனிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். அரசாங்க வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரி அதற்கும் அப்பால் க. விலக்கில் இருக்கிறது. மதுரை இன்னும் வெகு தூரம். திண்டுக்கல்லிலிருந்து லோயர் கேம்புக்கு ரயில் பாதை வேண்டுமென்று நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். கேட்பது இவர்கள் பங்கு. இத்தகைய தூரத்திலிருந்து வருகிறவர் ஒவ்வொரு முறையும் எளிய வழியில் சிகிச்சை பெற்று விரைவில் திரும்பவேண்டுமானால், மணிக்கட்டு மடை திறந்திருக்கவேண்டும்.

தூரத்துக்குப் பரிகாரமாக நமது ராஜ்யத்தில் செய்த முயற்சிகளும் நினைக்கத்தக்கவை. 2012 முதல் 2014 வரை, சிறு ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்து, மாரடைப்புக் கண்டவரை முதலில் மருந்து கொடுத்து நிலைப்படுத்திப் பின்னர் குழாய்ப் பரிசோதனைக்கு அனுப்பும் ஏற்பாடு தமிழ்நாட்டில் சோதிக்கப்பட்டது. 2,420 நோயாளிகளைக் கொண்ட அச்சோதனையில், ஒரு வருஷத்துக்குள் இறப்போர் நூற்றுக்கு 17.6 என்பதிலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். 2023 ஜூன் மாதத்தில் சர்க்கார் ‘இதயம் காப்போம்’ திட்டத்தைத் தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலுமே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடார்வாஸ்டாடின் ஆகிய மாத்திரைகளை முதல் வேளையாகக் கொடுக்க ஏற்பாடு செய்தது. கிராமத்து வாசலிலேயே கிடைக்கும் இந்த முதலுதவி எத்தனையோ குடும்பங்களுக்கு ஆறுதல்.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கவேண்டும். ‘ஏற்கனவே ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை விழுங்கியாயிற்றே, ஆஸ்பத்திரியில் ஊசி எதற்கு?’ என்று சிலர் கேட்கிறார்கள். ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் ரத்தத்திலுள்ள தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுப்பவை. ஹெப்பாரின் உறைதலின் வேறொரு கட்டத்தைத் தடுப்பது. ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டாமென்று ஆகாது. அதேபோல் மணிக்கட்டுக் காயம் ஆறிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவதும் பெருந்தவறு. இருதயத் தமனியில் வைத்த ஸ்டென்ட் அடைபடாமல் காப்பது அம்மாத்திரைகளே. வைத்தியர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தலாகாது.

ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்தால் ரத்தப்போக்குக்கு இடமுண்டு. போக்கை நிறுத்த இறுக்கினால் அடைப்புக்கு இடமுண்டு. இவ்விரண்டுக்கும் நடுவே செல்வது வைத்தியரும் தாதியும் செய்யவேண்டிய காரியம். வீட்டார் செய்யக்கூடியவையும் உண்டு. வைத்தியரிடம் மரியாதையாக, ‘கை நாடி திறந்திருக்கிறதா என்று பார்த்தீர்களா ஐயா?’ என்று கேட்கலாம். அதில் தவறில்லை. பட்டை கட்டியிருக்கும்போது பெருவிரல் நீலம் பாய்ந்தாலோ, கை மிகவும் வலித்தாலோ, தாதியை உடனே அழைக்கவேண்டும். பட்டையைத் தாமாகவே தளர்த்தவோ இறுக்கவோ கூடாது. வீட்டுக்கு வந்தபின் சில நாட்கள் அக்கையால் குடம் தூக்குதல், துணி பிழிதல் முதலியவற்றைத் தவிர்க்கவேண்டும். இருசக்கர வண்டியை எப்போது எடுக்கலாம் என்பதை வைத்தியரிடமே கேட்டுக்கொள்வது நல்லது. ஊசி குத்திய இடத்தில் ரத்தம் வந்தால் பதறாமல் விரலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே அண்மையிலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். முன்கை வீங்கிக் கடினமானாலும், விரல்கள் குளிர்ந்து வெளுத்தாலும், மரத்துப்போனாலும் காலதாமதம் கூடாது. சுடுநீர் ஒத்தடம், எண்ணெய் தேய்த்து உருவுதல் ஆகியவற்றை ஆரம்பித்துவிடும் பாட்டிமார்களைச் சமாதானப்படுத்தி வைக்கவேண்டியதும் வீட்டாரின் கடமை.

அண்மையில், வாய்வழி உட்கொள்ளும் ரிவராக்ஸபான் என்னும் மாத்திரையைக் குழாய்ச் சிகிச்சைக்குப் பின் ஒரு வாரம் கொடுத்தால் அடைப்பு இன்னும் குறையுமா என்று கனடாவின் ஒட்டாவா நகரத்து வைத்தியர்கள் ஏறக்குறைய 1,800 பேரிடம் சோதித்தார்கள். நூற்றுக்கு 5.8 ஆக இருந்தது 3.8 ஆகக் குறைந்ததாம். நற்செய்திதான். ஆனால் ஸ்டென்ட் வைத்தவர் ஏற்கனவே இரண்டு மாத்திரை விழுங்குகிறார். மூன்றாவதைச் சேர்த்தால் ரத்தப்போக்கு பற்றி யோசிக்கவேண்டும். மருந்துக்கடையில் பெயர் சொல்லி வாங்கும் மாத்திரை இது அன்று. மேலும் 2022-ல் வெளிவந்த வேறொரு ஆராய்ச்சியில், போதிய ஹெப்பாரினும் இளக்கிக் கட்டும் முறையும் ஒழுங்காகக் கையாளப்பட்ட இடங்களில், மணிக்கட்டில் செலுத்தியவர்களிடையே அடைப்பு நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே இருந்தது. கைவசமுள்ள பழைய மருந்தையும் ஒரு பட்டையையும் கவனமாக உபயோகித்தே அந்த இடத்துக்குப் போய்ச் சேரலாம் என்றால், க. விலக்கிலும் மதுரையிலும் அதற்குத் தடை என்ன?

வீட்டுக்குத் திரும்பியவுடன் ஒரு காரியம் செய்துவிட வேண்டும். எந்தக் கையில் குழாய் செலுத்தினார்கள், எந்தத் தேதியில், புறப்படும்போது நாடி திறந்திருந்ததா என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி, இருதயப் படம் அடங்கிய உறையோடு சேர்த்துவைக்க வேண்டும். இன்னொரு முறை மார்பு வலித்து, வேறொரு ஊரில், வேறொரு வைத்தியர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கும்போது அவருக்கு முதலில் வேண்டியது அந்தத் தாள்தான்.